பனங்கட்டியால் கூட்டிய நிறை

உம்முடைய கணவர் இன்று கந்தோருக்கு வந்திருந்தார். வெளியே கார்த்திகை மழை. குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, ஒரு துணிக்கடைப் பையை என் மேசையில் வைத்தார். "உங்கடை ஜக்கெற் போலை. ஒரு வருசமாச்சு, ஆட்டைத் திவசமும் முடிஞ்சுது. அவவின்ரை அலுமாரியை நேற்றுத்தான் திறந்தனாங்கள்" என்றார். நீர் மடித்து வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு நாளைக்கென்று உமக்குத் தந்த அந்த நீல ஜக்கெற், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

அவர் இருக்கும்போதே விரித்துப் பார்த்தேன். கீழ்த்தையல் ஓரத்தில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. உள்பையில் ஓர் ஓட்டை. அதனூடாக உள்துணிக்குள் விழுந்து கிடந்ததை விரலை விட்டு இழுத்தேன். சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்த ஒரு பனங்கட்டிக் குட்டான். ஓலை நசிந்து, கட்டி பாதி கரைந்து, எறும்பு தின்ற மிச்சம். மணம் மட்டும் அப்படியே இருந்தது. "உதென்ன, பனங்கட்டியே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உமக்கென்றால் விளங்கியிருக்கும். "எட்டு வைச்சனீர், இப்ப ஏழுதான் கிடக்கு. ஒண்டு பள்ளத்துக்குள்ளை விழுந்திட்டுது" என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்துச் சிரித்தது நீர்தானே. அது விழவில்லை. உம்மோடுதான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது.

உம்முடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நானும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சிரித்த முகம், கடிந்து பேசாத வாய், கந்தோரின் ஒளி என்றெல்லாம். வாசித்தவர்கள் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, அதில் ஒரு சொல்கூட உண்மைக்குக் கிட்ட வரவில்லை என்பதால். அதில் எழுதாமல் விட்டதைத்தான் இதில் எழுதுகிறேன். இதை ஒருவரும் அச்சடிக்கப் போவதில்லை.

பதினொரு வருடம் சாவகச்சேரியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நீர் கொழும்புத்துறையிலிருந்து வருவீர், நான் நெல்லியடியிலிருந்து வருவேன். யார் முதலில் வந்தாலும் மற்றவரின் கதிரையைத் துடைத்து வைப்போம். மத்தியானம் ஒரே மேசையில் இரண்டு பெட்டியையும் திறப்போம். நீர் ஜக்கெற் வாங்கிய அந்த வருடம் ஆவணி கழிந்த பிறகு, உம்முடைய பெட்டியில் பாதி என் பக்கம் வரத் தொடங்கியது. "எனக்கு இது காணும். எறியாமல் நீர் சாப்பிடும்" என்பீர். உம்முடைய வீட்டு இறால் குழம்பையும் குரக்கன் புட்டையும் எறிய யாருக்கு மனம் வரும்? நான் சாப்பிட்டேன். ஏன் உமக்குப் பசிக்கவில்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நீர் மெலிய மெலிய நான் ஊதினேன், எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தீர். முடிந்து வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. கந்தோரில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியும்தானே. "நல்லா மெலிஞ்சு வடிவாய் இருக்கிறீர்." "என்ன டயற், எங்களுக்கும் சொல்லுமன்." எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. பொறாமை என்று சொல்வதுதான் சரி.

அந்த மார்கழி விடுமுறையில் கந்தோர் ஆட்கள் பன்னிரண்டு பேர் வான் பிடித்து மலைநாட்டுக்குப் போனோம். பண்டாரவளை கழிந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கம்பி கட்டி ஆட்களைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சிப்லைன். வழிகாட்டிகள் இடுப்பில் வார் கட்டி, தலைக்கவசம் மாட்டி, எப்படிப் போவது என்று சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டதும் பின்வாங்கிவிட்டார்கள். நீர் மட்டும் விடவில்லை. "எங்கடை ஊரிலை பனைக்கு மேலை ஒண்டும் இல்லையப்பா. ஒருக்காவாவது பனைக்கு மேலாலை போய்ப் பாப்பம்" என்றீர். நீர் அப்படி ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முதலில் நிறை பார்த்தார்கள். மெஷினில் ஏற்றி, வந்த இலக்கத்தைப் புறங்கையில் மை பேனாவால் எழுதி விடுவார்கள். என் கையில் எண்பத்துநான்கு. ஒளித்துக் கொண்டேன். நீர் ஏறினீர். முப்பத்தேழும் சொச்சமும். எழுத வந்தவர் பேனாவை மூடிவிட்டு, நாற்பது இல்லாவிட்டால் விட முடியாது என்று சைகையும் அரைத்தமிழுமாகச் சொன்னார். பாரம் குறைந்தவர்கள் மறுகரை போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிடுவார்களாம். உம்முடைய முகம் அப்படியே விழுந்து போயிற்று.

முப்பத்தேழு கிலோ. இரண்டு பிள்ளை பெற்ற, நாற்பத்தாறு வயதுப் பெண். அந்த இடத்தில் எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சிரிப்பு. "வாரும், நான் உம்மை நாப்பதாக்கி விடுறன்" என்று வானுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். பதுளையிலிருந்த என் மச்சாளுக்கென்று கொண்டு வந்த பனங்கட்டியில் எட்டுக் குட்டானை எடுத்தேன். என் ஜக்கெற்றை உமக்கு மாட்டி, வெளிப்பை இரண்டிலும் உள்பையிலும் திணித்தேன். காணாததற்கு என் தண்ணீர்ப் போத்தலை இடுப்பில் செருகினேன். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சிரித்தோம். திரும்பப் போய் ஏறினீர். நாற்பதும் கொஞ்சமும். வெளிநாட்டவர் கூட்டம் ஒன்று வந்து நின்றதால் அவர் நிமிர்ந்து பார்க்காமலே உம்முடைய கையில் எழுதிவிட்டார். அந்த மெஷின் உம்மைக் காட்டிக் கொடுக்கத்தான் பார்த்தது. அதன் வாயை அடைத்தவள் நான்.

நான் முதலில் போனேன். என் பாரத்துக்குக் கம்பி அலறியது. மறுகரையில் என்னைப் பிடித்து நிறுத்திய வழிகாட்டிக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. இன்றைக்கு அவர் என்று எழுதுகிறேன், அன்றைக்கு அவன் என்றுதான் சொன்னேன். வார் கழற்றியதும் தொலைபேசியை எடுத்து உம்மை வீடியோ எடுக்கத் தொடங்கினேன்.

அந்த வீடியோவில் நீர் முதலில் ஒரு நீலப் புள்ளி. பிறகு ஜக்கெற் காற்றில் உப்பிக்கொண்டு வருகிறீர். கைகள் இரண்டையும் விரித்திருக்கிறீர். எதிர்க்காற்று. கரைக்கு முப்பது அடி இருக்கும்போது வேகம் செத்து, நின்று, மெல்லப் பின்னுக்குப் போகத் தொடங்குகிறீர். நடுப்பள்ளத்துக்கு மேலே போய் ஆடிக்கொண்டு நின்றுவிட்டீர். என் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நீரும் சிரிக்கிறீர். "என்னப்பா, உம்மடை பனங்கட்டி காணாது!" என்று அங்கிருந்து கத்துகிறீர். "கீழை பாராதையும்!" என்று நான் கத்துகிறேன். "பாத்திட்டன்! நல்ல வடிவாய் இருக்கு!" என்கிறீர். உம்முடைய குரல் அவ்வளவு உரக்க வேறெங்கும் பதிவாகவில்லை.

அந்த வழிகாட்டிதான் கம்பியில் தொங்கியபடி கைமாறிக் கைமாறிப் போய், கால்களால் உம்மைக் கொளுவி இழுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் உம்மை மர வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நான் தொலைபேசியைத் தாழ்த்தியிருந்தேனே தவிர, நிறுத்தவில்லை. அதனால் வீடியோவின் கடைசியில் பலகைத் தரையும் என் சப்பாத்தும் தெரிகின்றன. குரல்கள் தெளிவாகக் கேட்கின்றன.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. பையில இருந்தத நான் பாத்துட்டேன், அது போகட்டும். ஆனா அவங்கள புடிச்சு இழுத்தப்ப எனக்கே பயமாப் போச்சு. வெறும் எலும்புதான் இருக்கு. எங்க அம்மா இப்படித்தான் கொஞ்சங் கொஞ்சமா எளச்சாங்க, நாங்க கவனிக்காம விட்டுட்டோம். அவங்ககிட்ட நான் சொன்னா பயந்துடுவாங்க. நீங்க கூட்டாளி, பக்குவமா சொல்லுங்க. ஊருக்குப் போனதும் ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

அதற்கு என் குரல். "தம்பி, நீர் கம்பியைப் பாரும். எங்கடை ஆக்களை நாங்கள் பாப்பம்."

"சரிங்க அக்கா" என்கிறார். அதோடு வீடியோ முடிகிறது.

போகும்போது நீர் ஏழு குட்டானையும் அவருக்கே கொடுத்தீர். அவரோடு என்ன கதைத்தனீர் என்று என்னைக் கேட்டீர். "சும்மா, பனங்கட்டி கண்டுபிடிச்சிட்டான்" என்றேன். வானில் எல்லோரும் வீடியோவைப் பார்க்கக் கேட்டார்கள். நீர் மடியில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கரைக்கு வந்து சேரும் இடத்தில் தொலைபேசியைப் பறித்தேன். பற்றறி முடியப் போகிறது என்றேன். எழுபது வீதம் இருந்தது.

உம்மைப் பயப்படுத்தக் கூடாதென்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். தோட்டத்து ஆள் ஒருவன், பத்து நிமிடம் மட்டும் உம்மைக் கண்டவன், பதினொரு வருடம் பக்கத்தில் இருக்கும் எனக்குப் புத்தி சொல்வதா என்ற எண்ணம்தான். அந்தத் திமிர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் அதோடுதான் வளர்ந்தோம். மறுநாள் சொல்லியிருக்கலாம். தைப்பொங்கலுக்கு உம்முடைய வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பீரோ என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. உம்முடைய புட்டில் பாதியையும் தின்றுகொண்டே இருந்தேன்.

ஆடியில் கந்தோரில் மயங்கி விழுந்தீர். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்து டொக்டர் உம்மைக் கூப்பிட்டபோது, உம்முடைய கணவருக்குப் பின்னால் நான் சூப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடலில் என்றார். பரவிவிட்டது என்றார். "எவ்வளவு காலமா மெலியிறீங்கள், அம்மா? ஒரு ஆறேழு மாசம் முந்தி வந்திருந்தால் வேறை மாதிரிக் கதைச்சிருக்கலாம்" என்றார். "விரதம் பிடிக்கிறதாலை எண்டு நினைச்சன், டொக்டர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றீர்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தீர். "இவவும் நானும் ஒவ்வொரு நாளும் ஒண்டாய்ச் சாப்பிடுறனாங்கள். ஏதும் வித்தியாசமாய்க் கண்டிருந்தால் இவ எனக்குச் சொல்லியிருப்பா."

நான் தலையாட்டினேன். சூப் ஆறப் போகிறது என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் உமக்குச் சோறு தீத்தினேன், சீப்பால் தலை இழுத்து விட்டேன், கால் பிடித்து விட்டேன். இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டும் வாயைத் திறக்கவில்லை. நீர் மன்னித்திருப்பீர், எனக்குத் தெரியும். அதற்குத்தான் பயந்தேன்.

இன்றைக்கு உம்முடைய கணவர் போகும்போது குடையை எடுத்துவிட்டு நின்றார். "ஒண்டு கேக்கலாமே? கம்பியிலை போகேக்கை நீங்கள் வீடியோ எடுத்தனீங்கள் எண்டு அவ சொல்லுவா. எங்களிட்டை இருக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரியிலை எடுத்த படங்கள். அதுகளிலை அவ இல்லை. பிள்ளையள் தாயின்ரை குரலைக் கேக்க வேணும் எண்டுதுகள். ஒருக்கா அனுப்பி விடுவீங்களே?" படகு எஞ்சின் திருத்தித் திருத்தி ஓயில் ஊறிய அந்தக் கைகளைப் பார்த்தேன். ஓம், பின்னேரம் அனுப்பிறன் என்றேன்.

முழுவதையும் அனுப்பத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அனுப்பும் இடம்வரை விரல் போயிற்று. பிறகு வீடியோவின் வால்பக்கத்தைப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தேன். நீர் கரைக்கு வந்து, வாங்கில் இருந்து, தண்ணீர் குடித்த வாயின் ஈரத்தைப் புறங்கையால் துடைக்கும் இடத்தில் விட்டேன். அந்தப் புறங்கையில் நாற்பது என்ற இலக்கம் தெரிகிறது. அப்படியே அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல்பதிவு வந்தது. "கிடைச்சுது. பிள்ளையளும் நானும் நாலு தரம் பாத்திட்டம். எவ்வளவு சந்தோசமாய் இருந்திருக்கிறா. நீங்கள் பக்கத்திலை நிண்டபடியால்தான் அவ உவ்வளவு துணிஞ்சவ. உங்களை நாங்கள் மறக்க மாட்டம்."

அனுப்பாமல் வெட்டிய துண்டு என் தொலைபேசியில் இருக்கிறது. முப்பத்தொரு செக்கன். அழிக்க மனம் வரவில்லை, யாருக்கும் காட்டவும் துணிவில்லை. அந்தக் குட்டானை மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கிறேன். எறும்பு இப்போதே வரத் தொடங்கிவிட்டது.

அந்த வழிகாட்டி அதை எனக்குச் சொல்லவில்லை. உமக்குச் சொல்லச் சொல்லித் தந்தார். உம்முடைய கதிரை காலியாக இருக்கிறது, மழையும் விடவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீர் அளவுக்கு மிஞ்சி மெலிந்துபோனீர். ஊருக்குப் போனதும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டும்.