வெற்றிலை வாங்கிய அம்பிளிபயர்

சரவணை,
12.05.1979

அன்புள்ள மகன் பாலசிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நாகபூசணி அம்மன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி இராசேஸ்வரியும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். உன் கடிதமும் அந்தப் பெரிய ஒலிபெருக்கிச் செட்டின் படமும் கிடைத்தன. புதுச் செட்டை அனுப்புகிறேன், தம்பு மாமா தொழிலை நடத்தட்டும், அம்மா நீங்கள் வீட்டோடு இருங்கோ, அப்பா இல்லாத வீட்டுப் பெண் வயர் இழுத்துக்கொண்டு தீவு தீவாய்த் திரிந்தால் சனம் சிரிக்கும் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும் மோனை, அதையும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறேன். அப்பா இருந்த காலத்திலும் பற்றரி சுமந்ததும் மரத்தில் ஹோண் குழாய் கட்டக் கயிறு பிடித்ததும் யாரென்று உனக்குத் தெரியாதா. தம்பு மாமாவுக்கு நான் ஒரு வயர்த்துண்டும் கொடுக்கமாட்டேன்.

படத்திலிருக்கிற செட் வடிவுதான். கரண்டில்லாத நெடுந்தீவுக் கோயிலடியில் அதை எதிலே கொழுவுவது, பூவரச மரத்திலா? தீவான் நீயே இதை மறந்தால் நான் யாரிடம் சொல்ல. காசு வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் வடிவு பார்க்க ஏலாது. கார் பற்றரியில் பாடவேண்டும், குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறும்போது உப்புத்தண்ணி அடித்தாலும் உள்ளே போகாத மூடி இருக்கவேண்டும், பழுதானால் யாழ்ப்பாணத்தில் சாமான் கிடைக்கவேண்டும். பெரிய சத்தம் வேண்டாம், விடியுமட்டும் நிற்காத சத்தம் வேண்டும். தேவார நேரத்தில் மைக் செத்தால் செட்டுச் செய்த யப்பான்காரனையா ஏசுவார்கள், என்னைத்தான். ஆகையால் அப்படியொரு சின்ன அம்பிளிபயரும் மாற்றுக்கு ஒரு மைக்கும் பார்த்து அனுப்பு, படத்திலிருக்கிறதை வாங்கிவிடாதே.

இன்னொன்றும் கேள். நெடுந்தீவுக் கோயிலின் கணக்கும் காரியமும் பார்க்கிற மணியம் வைத்திலிங்கம் அண்ணை போன கிழமை வந்தார். வருடா வருடம் அப்பாவின் கையில் வெற்றிலை கொடுத்துத்தான் திருவிழாவுக்குப் பேசுவார், நீயும் கண்டிருக்கிறாய். இந்தமுறை வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, மங்கல காரியம் தங்கச்சி, உம்மட கையில வெத்திலை தரேலாது, தம்புவைக் கூப்பிடும், இல்லாட்டி பட்டினத்து ஆக்களைப் பிடிக்கிறம் என்றார். அந்தத் திருவிழா போனால் மற்றக் கோயில்களும் போகும், பிறகு நீ சொல்லாமலே நான் குசினி அடுப்படியில்தான். எழும்பிப்போய் அப்பாவின் அம்பிளிபயரைத் தூக்கிவந்து அவருக்கு முன்னால் கதிரையில் வைத்தேன். அண்ணை, பாடப்போறது இது, நானில்லை, வெத்திலையை இதுக்கு வையுங்கோ என்றேன். மனிசன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு தட்டத்தைப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். வைத்த வெற்றிலையை இனி யாரும் திருப்பி எடுக்க ஏலாது.

அம்மன் உன்னைக் காப்பாள், நீ நூறு வருடம் நன்றாயிரு. தலைக்கு எண்ணெய் வை, கடன் கொடுத்துத் திரியாதே. சாமான் கொடியேற்றத்துக்கு முன் வந்துசேர வேண்டும், மறவாதே. அன்று விடிய ஹோண் கட்டி முடிய, சத்தம் சரியோ என்று மைக்கில் ஓராள் பேசிப் பார்க்கவேண்டுமே, அது யாரென்று வைத்திலிங்கம் அண்ணை கேட்க மறந்துபோனார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சத்தியபாமா மயில்வாகனம்,
ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்.