கண்ணாடியில் பதிந்த கை

ஹாலிஸ் கிராசிங், கான்சஸ்
கோதுமை அறுப்பு முடிந்த ஞாயிறு

அன்பு மகள் நோரீனுக்கு டெல்பர்ட் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் வில்மா அத்தையும் சுகம், டிராக்டர்கூட சுகம். அங்கே நீ சுகமாக இல்லை என்று உன் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிவதென்ன, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நீ பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னவன் நான். இந்தப் பெண் சினிமா எடுப்பாள், பெயர் வாங்குவாள், ஒரு நாள் கோட்டு போட்ட ஒருவன் வந்து அவள் படத்தில் கத்தரியை வைப்பான் என்று அட்சரம் பிசகாமல் சொன்னேன். கூடியிருந்த நூறு பேரும் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே இருந்தோம் என்கிறாள் உன் அத்தை, அவளுக்கு ஞாபக மறதி.

நோரீன், எனக்கு வருகிற கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. அந்த சினிமா கம்பெனிக்காரன் விட்மோர் யார்? அவன் வாழ்க்கையில் ஒரு மாட்டையாவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பானா? கடற்கரையில் செருப்பில்லாமல் திரிகிற பையன்களை ஓசியில் கூட்டிவந்து உன் படத்தைப் போட்டுக் காட்டினானாம், கடைசிக் காட்சியில் அவர்கள் சிரித்தார்களாம், உடனே இவன் உன்னைக் கூப்பிட்டு, "இதையெல்லாம் எவனும் நம்பமாட்டான்மா, ஓடிப்போறவன் எதுக்குத் திரும்பி வந்து ஜன்னலத் தொட்டுட்டு மறுபடி ஓடறான், வெட்டிடுங்க" என்றானாம். நம்பமாட்டானா! அந்தக் காட்சிக்கு என்ன குறை? விடிகிற நேரம், உன் அப்பன் வெர்னான் வீட்டை விட்டுப் பெட்டியோடு பஸ் ஏறுகிறான், பஸ் ரயில்வே கேட்டுவரை போய் நிற்கிறது, அவன் இறங்கி இந்தப் புழுதி ரோட்டில் திரும்ப நடந்து வருகிறான், நீ தூங்குகிற அறை ஜன்னலில் கையை வைக்கிறான், டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அவன் போய்விடுகிறான், புழுதி படிந்த கண்ணாடியில் அந்தக் கை மட்டும் நிற்கிறது. இதில் எந்தச் சொல்லை எடுக்க முடியும்? சின்னப் பிள்ளையில் நீ என் மடியில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய், நானும் சொல்லுவேன், ஒரு தடவை நாய் குரைத்தது, ஒரு தடவை மழை தூறியது, ஆனால் கையை மட்டும் நான் மாற்றவே இல்லை.

அவன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி உன் மேலும் இருக்கிறது. காட்சியை வெட்டினால் என் பெயரையும் எடுத்துவிடு, ஊரிலேயே இல்லாத ஒருவன் பெயரைப் போட்டுக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தாயாமே, யாரைக் கேட்டுச் சொன்னாய்? அந்தப் பெயரில் டாக்கெட் என்கிற பாதிதான் உன் அப்பனுடையது. நோரீன் நான் வைத்தது. பஸ் டிக்கெட்டும் ஒரு பை ஆப்பிளும் கொடுத்து உன்னை மேற்கே சினிமாவுக்கு அனுப்பினேன். அங்கே ஊரான் எழுதின கதைகளை நீ வருஷக்கணக்காக டைப் அடித்தாய். அப்புறம் அந்த முதலைப் படத்தை முழுக்கத் திருத்தி எழுதினாய், பெயர் எவனோ போட்டுக்கொண்டான், நீ வாயைத் திறக்கவில்லை. திறந்தவெளி அரங்கில் காரில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோதே நான் சொன்னேன், முதலை வாய்க்குள் கால் மாட்டிக்கொண்ட ஷெரிப் பேசுகிற பேச்சு அத்தனையும் என் வீட்டுப் பேச்சு என்று. பிறகு உன் பெயரிலேயே எழுதி நீயே இயக்கிய பூசணித் திருவிழாப் படம் வந்தது. அது ஓடவில்லை, ஓடாவிட்டால் என்ன, பெயர் இருந்தது. திரையில் உன் பெயர் வந்ததும் நான் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினேன். பின்னால் இருந்தவன், "உக்காருய்யா, மறைக்குது" என்றான், படம் முடிகிறவரை நான் உட்காரவில்லை. அந்தப் பெயரையா இப்போது பிடுங்கி எறிகிறாய்?

நேற்று சவரத்துக்குப் போனேன். கிளைடு தன் கடைக் கண்ணாடியில் டைரக்டர் நோரீன் டாக்கெட்டின் சொந்த ஊர் என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறானல்லவா, சோப்பு நுரையை என் முகத்தில் அப்பிவிட்டு, நான் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்துக் கேட்கிறான், "என்ன டெல்பர்ட்டு, ஒங்க புள்ள படம் பேரே இல்லாம வரப்போவுதாமே, அப்ப நான் எழுதினதச் சுரண்டிடவா?" என்று. நான் நுரையைத் துப்பிவிட்டு, "சுரண்டிப் பாருடா, அதே கத்தியால ஒன் மீசைய எடுக்கறேன்" என்றேன். பாதி சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். ஒரு கன்னத்தில் மட்டும் தாடியோடு இன்று காலை சர்ச்சுக்குப் போனேன், பாதிரியார்கூட பயந்து பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார்.

இனி நீ கேட்ட எழுத்து விஷயம். கண்ணால் பார்த்தவர் ஒருவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் காட்சியை வெட்டாமல் விட்டுவிடுகிறேன், உண்மைச் சம்பவம் என்றே படத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று விட்மோர் சொன்னானாம், நீயும் என் மாமா பார்த்தார் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டாயாம். நான் போகாமல் இல்லை மகளே. வங்கியில் நோட்டரி முத்திரை வைத்திருக்கிற டோரிஸிடம் போனேன். பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாள், வைத்தேன், பேனா எழுதவில்லை, வந்துவிட்டேன். மறுபடி போனேன், வாசலில் மாட்டு லாரி நின்றது, வழியில்லை. நேற்று உன் அத்தை, "பேனா எழுதலயா, நீங்க எழுதலயா?" என்று கேட்டாள். இப்போதும் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால்தான் நிற்கிறாள். "அளந்தது போதும், விஷயத்த எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் போன் போட்டுச் சொல்லிடுவேன்" என்கிறாள். ஆறாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டமே தவிர எனக்கு எழுத வராமல் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

பஸ் நிற்கவில்லை, நோரீன். ரயில்வே கேட்டில் வேகம்கூடக் குறையவில்லை. உன் அப்பன் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியாது, புழுதிதான் தெரிந்தது. நீ அதற்கப்புறம் வாயில் ஒன்றும் வைக்காமல் அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தாய், உன் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், யார் ஊட்டினாலும் துப்பினாய். ஒரு காலையில் நீ கண் விழிக்கும் முன் நான் வெளியே போய் கண்ணாடியில் கையை அழுத்தினேன். உள்ளே வந்து உன்னை எழுப்பி, அப்பா வந்து வைத்த கை என்று காட்டினேன். உன் சின்னக் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாய், அப்புறம் அப்பம் கேட்டாய். அவ்வளவுதான் நடந்தது. வெர்னானுக்கு நல்ல பெயர் வாங்கித் தர எனக்கு ஆசையில்லை, உன் வயிறு நிறைய வேண்டும் என்று பார்த்தேன்.

ஆகவே அந்த நோட்டரித் தாள் வராது, அதற்காகக் காத்திருக்காதே. ஆனால் பெயரை எடுக்காதே, காட்சியையும் விடாதே. உண்மை என்று சொல்லி சண்டை போட்டது போதும், இனி நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சண்டை போடு. எவனும் நம்பமாட்டான் என்கிறானே, ஒரு ஆறு வயதுப் பிள்ளை நம்பியது, வளர்ந்து டைரக்டர் ஆகி இந்தக் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் நம்பியது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல். அப்புறம் ஒன்று, நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன், நீ நடிக்க வைத்தவன் கை பியானோ வாசிக்கிறவன் கை மாதிரி மெலிசாக இருக்கிறது. மறுபடி எடுக்க முடிந்தால் எனக்குச் சொல்லி அனுப்பு, நான் வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. காரில் எண்ணெய் மாற்று. நீ எடுக்கிற படமெல்லாம் உன் பெயரோடு ஓட வேண்டும், உன் தலைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரன்,
உன் மாமா டெல்பர்ட்