ஒரே சுவர், இரண்டு கதவு

சித்திரை 8, செவ்வாய்

காலையிலேயே அனல். ஃபேன் சுற்றினால் தையல் துணி பறக்கிறது, நிறுத்தினால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

விருதுநகரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு என் மகள் பவிக்குப் பூ வைக்க வருகிறார்கள். “வீட்டோட சின்னதா வச்சுக்குவோம்” என்றார்கள். சின்னதாம். அவர்கள் பக்கமே ஒரு வேன் வரும்.

ரோட்டில் போய் நின்று என் வீட்டை நானே பார்த்தேன். அய்யோ. மாமனார் கட்டிய ஒரே வீடு, பாகம் பிரித்ததில் இரண்டானது. உள்ளே குறுக்கே சுவர், வாசலுக்கு ஆளுக்கொரு கதவு. முன்சுவர் மட்டும் இன்னும் ஒன்றுதான். என் பாதி எப்போதோ அடித்த பச்சை. அடுத்த பாதி ராஜாத்தி அக்காவுடையது, வெறும் சுண்ணாம்பு. என் மூத்த ஓர்ப்படி. அவள் வீட்டுக்காரர் இறந்ததால் வருஷம் திரும்பும்வரை வெள்ளையடிக்கவில்லை. மாசியில் திதி கொடுத்தாயிற்று, இனி அடிக்கலாம். ஆனால் அவளிடம் யார் போய்ப் பேசுவது? பாகம் பிரித்ததிலிருந்து “சாப்பிட்டாச்சா”, “ஆச்சு”. அதோடு சரி.

சாயங்காலம் பெயிண்டர் சேவியர் அண்ணன் வந்தார். சுவரை விரலால் தட்டினார், காதை வைத்தார், டாக்டர் தோற்றார்.

“தங்கச்சி, அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரு வெடிச்சிருக்கு. அது வழியா இறங்குற ஈரம் ஒங்க பக்கம் வருது. ரெண்டையும் சேத்துப் பண்ணுனாத்தான் நிக்கும்.”

“என் பாதிய மட்டும் அடிங்கண்ணே.”

“நான் சொல்றத...”

“கோட்டுக்கு இந்தப் பக்கம். அம்புட்டுத்தான்.”

வாங்க வேண்டியது: பிரைமர், வெளிச்சுவர் பெயிண்ட், உப்புத்தாள், கம்பி பிரஷ், கேட்டுக்கு ரெட் ஆக்சைடு, கதவுக்கு எனாமல். பவிக்கு ரவிக்கைத் துணி. வெற்றிலை இப்போது வேண்டாம், வாடிவிடும்.

சித்திரை 9, புதன்

சுரண்டல். பழைய பெயிண்ட் செதில் செதிலாக. வீடு முழுக்கத் தூசி, சாம்பாரிலும்.

பிரைமரில் கலக்கச் சேவியர் அண்ணன் குடிதண்ணீர் கேட்டார். நல்ல கதை. எங்கள் பந்தல்குடியில் குழாயில் தண்ணீர் வருகிற அழகுக்குச் சுவருக்குக் குடிதண்ணீரா? போர் தண்ணீரை ஒரு வாளி வைத்தேன்.

“இது உப்புல்ல தங்கச்சி. பூத்துரும்.”

“நாங்க இதுலதான் குளிக்கோம். நாங்க என்ன பூத்தா போயிட்டோம்?”

சிரித்துவிட்டார். சிரித்தவரை மதியமும் விடவில்லை. “சுவரு கொதிக்குது, வெயில் சாயட்டும், இல்லாட்டி பெயிண்டு உள்ள பிடிக்காம மேலாக்க காஞ்சிரும்” என்றார். நாள் இல்லை அண்ணே, அடிங்க என்றேன். தூத்துக்குடி லாரி ஒவ்வொன்றும் போகும்போது ஈரச் சுவரில் புழுதியை அப்பிவிட்டுப் போனது. என் வீட்டுக்காரரும் அந்த லாரிக்காரர்களில் ஒருவர்தான், யாரைத் திட்ட?

அவர் போனில்: “அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” கேட்கவில்லை என்றேன். “சரி” என்றார். இவர் “சரி” என்றால் சரியில்லை என்று அர்த்தம்.

சித்திரை 11, வெள்ளி

போச்சு. அத்தனையும் போச்சு.

நடுக்கோட்டை ஒட்டிச் சுவர் அப்பளமாக உப்பியிருக்கிறது. கீழே வெள்ளை வெள்ளையாக உப்பு. விரலை வைத்தேன், ஒரு கை அகலத்துக்கு உரிந்து வந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேவியர் அண்ணன் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். “நானும் ஒங்க பேச்சக் கேட்டு மதியம் அடிச்சிருக்கக் கூடாது. பாதி தப்பு என்னோடது” என்று பீடியைப் பற்ற வைத்தார். மறுபடி சுரண்ட வேண்டும். முதலில் அக்கா பக்கத்து வெடிப்பை அடைக்க வேண்டும்.

பவி: “நான் போயி பெரியம்மாட்ட கேக்கட்டா?”

“நீ வாய மூடு.”

அவள் போனால் அரை நிமிஷத்தில் காரியம் முடியும். தெரியும். நான் மில்லுக்கு ஷிப்ட் போன காலத்தில் இவளுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம் அக்காதான். அதனாலேயே நான்தான் போக வேண்டும்.

சித்திரை 12, சனி

போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்து முருங்கைக்காய் நாலு பறித்துக்கொண்டு போனேன். அவள் வீட்டு மரமும் அதே மரம்தான், கிளைதான் என் பக்கம்.

அக்கா பருத்தி மாறு ஒடித்துக்கொண்டிருந்தாள், அடுப்புக்கு. மெலிந்திருக்கிறாள். பக்கத்துக் கதவில் இருக்கிறவள் மெலிந்தது எனக்குத் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

“அடைக்கச் சொல்லு. ஏணி வேணும்னா பின்கட்டுல கெடக்கு, எடுத்துக்கச் சொல்லு.”

“அப்படியே ஒங்க பக்கமும் பெயிண்டு...”

“என் பக்கம் வேணாம். எனக்கு எதுக்குடி கலரு?”

வெடுக்கென்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் உருட்டினேன். என் பெண்ணுக்கு நல்ல காரியம், இவள் பாதி மட்டும் அழுது வடிய வேண்டுமாம். என்ன வன்மம் என்று பவியிடம் கத்தினேன்.

பவி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு பூட்டுச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“பெரியம்மா குடுத்தாக. அன்னைக்கு அவுக உள்ள இருப்பாகளாம். நான் வெளிய பூட்டிரணுமாம். மாப்பிள்ள வீட்டு ஆளுக வாரப்ப தாலியறுத்தவ எதுக்க வரக் கூடாதுன்னு. வீட்டுல ஆளு இல்லன்னு நெனச்சுக்கிருவாகளாம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாக.”

சாவியைப் பார்த்தேன். என் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள், அதே குழந்தை கையாலேயே தன்னை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்கிறாள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் மேல், ஊர் மேல், என் மேல். அழுகையும்.

ரவிக்கை ஒன்று கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிரிக்க வேண்டும்.

சித்திரை 14, திங்கள்

சேவியர் அண்ணனிடம் சொன்னேன்: முழுச் சுவரும். யாரையும் கேட்க வேண்டாம்.

அக்கா பக்கத்தில் வருஷக்கணக்கான சுண்ணாம்பு. அதன் மேல் அப்படியே அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வருமாம். சொறிந்து, தேய்த்து, கழுவி, காயவிட்டு. குடிதண்ணீர் இரண்டு குடம் நானே எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு அவருக்கு.

அக்கா எட்டிப் பார்த்தாள். “நாந்தான் வேணாம்னேன்ல?”

“ஒரே சுவருக்கா. பாதிய அடிச்சா உப்புது. நீங்களே பாத்தீகள்ல?”

உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து சேவியர் அண்ணனுக்கு மோர் வந்தது. எனக்கும் ஒரு டம்ளர்.

கைப்பிடிச் சுவரில் அடைத்த சிமெண்டு இன்னும் காயாமல் பச்சையாக இருக்கிறது. அதன் மேல் இப்போது பெயிண்ட் கூடாதாம், நிறத்தைத் தின்றுவிடுமாம். அந்த ஒரு பட்டை மட்டும் சாம்பலாக இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்தா பார்க்கப் போகிறார்கள்? சரி.

சித்திரை 17, வியாழன்

காலை வெயிலுக்கு முன் ஒரு கை, வெயில் சாய்ந்து ஒரு கை. சந்தன நிறம், பவி தேர்வு. சாயங்காலம் நடுக்கோடு எங்கே இருந்தது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்காவைக் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“மாமா கட்டுனப்ப இப்படித்தான்டி இருந்துச்சு.”

அந்தச் சமயம் பார்த்துக் கேட்டேன். “ஞாயித்துக்கெழம நீங்கதான் முன்னால நின்னு வாங்கன்னு சொல்லணும்.”

முகம் மாறிவிட்டது. “கூறுகெட்டதனமாப் பேசாத. நாளைக்கு ஒண்ணுன்னா எம் மேலதான் வரும். புள்ள நல்லா இருக்கட்டும்.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனில் அவர்: “அண்ணி சொன்னா மாறமாட்டாக. விட்டுரு.” விடுவதற்கா இவ்வளவு பாடு?

சித்திரை 19, சனி

நேற்றே அக்கா கதவுக்குக் காப்பி நிற எனாமல். காய்ந்து கண்ணாடியாக மின்னுகிறது. இன்று கேட், பிறகு என் கதவு.

நாலு மணிக்கு வானம் கறுத்தது. சித்திரையில் மழையா! வருஷம் பூராவும் வா வா என்று கூப்பிட்டால் வராது. நான், பவி, சேவியர் அண்ணன், அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கிய அவர், ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுவர் தப்பியது. கதவு தப்பவில்லை. பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஈசல் இரண்டு ஒட்டிச் செத்துவிட்டது.

“இது வழியா நாளைக்கு எப்படி ஆளுகளக் கூப்பிடுறது?” அவர் கத்தினார். “பட்டுச்சேல பூரா அப்பிரும்!”

பவி: “பெரியம்மா கதவு வழியா வரட்டும். பின்கட்டு ஒண்ணுதான, அங்கிட்டுப் போயி இங்கிட்டு வந்துரலாம்.”

எல்லோரும் பவியைப் பார்த்தோம். அக்கா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“காலையில வெயிலு வரும். காஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாங்க வேண்டியது: வெற்றிலை, கதம்பம், வாழைப்பழம் ஒரு சீப்பு. சாவி என் முந்தானையில்.

சித்திரை 20, ஞாயிறு

வெயில். பளீரென்று, கேட்டு வாங்கியதுபோல்.

மாதா கோயிலுக்குப் போகிற வழியில் சேவியர் அண்ணன் வெள்ளை வேட்டியோடு எட்டிப் பார்த்தார். என் கதவில் விரலை வைத்தார். “நல்லாக் காஞ்சிருச்சு தங்கச்சி. ஒட்டல. ஒங்க நல்ல நேரம்.”

நானும் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை.

என் வீட்டுக்காரர் வேன்காரனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். பவி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவரும் இல்லை.

“அண்ணே, இன்னொரு கோட்டு அடிங்க.”

“இப்பவா? வார நேரமாச்சே!”

“அதான். அடிங்க.”

என்னைப் பார்த்தார். பக்கத்துக் கதவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி டப்பாவைத் திறந்தார். “நிலைக்குமா சேத்து?”

“எல்லாத்துக்கும். தாராளமா.”

பூசை பிந்திவிட்டது அவருக்கு. “சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று போனார்.

பிறகு என் வீட்டுக்காரர் வந்து தொட்டு, சட்டையெல்லாம் காப்பி நிறம். “என்ன பெயிண்டுடா இது, விடிஞ்சும் காயல!” நான் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டேன்.

வேன் வந்துவிட்டது. ஓடிப்போய் அக்கா கதவைத் தட்டினேன். “அக்கா, கதவு ஒட்டுது. ஆளுக வெயில்ல நிக்கிறாக. தெறங்க.”

“பவி பூட்டலயா?”

“சாவியக் காணோம்க்கா. தெறங்க!”

திறந்தாள். எதிரே மாப்பிள்ளையின் அம்மா, தாம்பாளத்தோடு. நான் சட்டென்று உள்ளே நுழைந்து அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அவள் பின்வாங்க இடமில்லை.

ஒரு மூச்சு. பிறகு அவள் கை தானாகக் குவிந்தது. “வாங்க. வாங்கம்மா. உள்ள வாங்க.”

அந்த அம்மா தாம்பாளத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அக்கா கையைப் பிடித்தார்கள். “நீங்கதான் பெரியம்மாவா? புள்ள ஒங்களப் பத்தித்தான பேசுது.”

அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்தே பூ வைத்தார்கள். பின்கட்டுக்குப் போகவே இல்லை. பவி விழுந்து கும்பிட்டது முதலில் அவள் பெரியம்மாவை. ஒரு கண் படவில்லை, ஒரு வாய் பேசவில்லை. பாயசத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அதற்குத்தான் பேச்சு.

எல்லோரும் போன பிறகு அக்கா வந்து என் கதவை விரலால் தொட்டாள். காப்பி நிறம். முகர்ந்து பார்த்தாள்.

“ஏடி செல்வி. நேத்து நனஞ்ச பெயிண்டு மாதிரி இல்லயே.”

“வெயிலு பத்தலக்கா.”

“ஆமா, பத்தல” என்று விரலை என் புதுச் சேலையிலேயே துடைத்துவிட்டுப் போனாள். கறை போகாது. மண்ணெண்ணெய் போட்டுப் பார்க்க வேண்டும்.

விளக்கு வைத்தாயிற்று. அவள் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.