பிரிக்காத சீட் உறை

வேலைக்குக் கிளம்புமுன் இளவரசு மனைவிக்கு எழுதி, கார் சாவியின் அடியில் வைத்தான்:

"எழில், கொழம்பு அடுப்பு மேல இருக்கு. வண்டிய சிதம்பரம் புரோக்கர் நாளைக்கு எடுத்துக்கறாராம். அஞ்சு வருஷத்து வண்டிக்கு அவரு சொன்னதுதான் வெலயாம். சீட்டுல கம்பெனி பிளாஸ்டிக்கக்கூட பிரிக்கலன்னேன். 'அதுக்கெல்லாம் ஏத்தித் தர முடியாதுங்க'ன்னு சிரிச்சாரு."

எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தான். பலாப்பழத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கிய மாமியாரை, சீட்டில் பலாப்பால் ஒட்டினால் விலை குறையும் என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டு, காலிக் காரில் பின்னாலேயே வந்தவன் அவன். எழிலரசி அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறவில்லை.

சாவியோடு காருக்குப் போய்த் திரும்பி வந்து, கடிதத்தின் அடியில் நெருக்கி எழுதினான்:

"பிளாஸ்டிக்க எல்லாம் கிழிச்சிட்டேன். இன்னிக்கு நீயே ஓட்டிட்டுப் புவனகிரி போயி அத்தய கூட்டிக்கிட்டு வா. பலாப்பழம் எடுத்தாந்தா பின் சீட்டுலயே வையி."