நூலை விடு, உபைத்

10.8.97, ஞாயிறு

இன்று காலை மூன்றாவது விமானத்துக்கும் பெயர் வைத்தாயிற்று. எங்கள் குழுவில் விழுந்த பிறகுதான் பெயர். முதலாவது தட்டையாக விழுந்ததால் அப்பளம். இரண்டாவது மூக்கு மணலில் புதைந்து நட்டமாக நின்றது, அது குத்துவிளக்கு. இன்றைக்கு விழுந்தது கடலில். மீன்பிடித்துத் திரும்பிய கொட்டிவாக்கத்துக்காரர்கள் அதை வலையோடு சேர்த்து இழுத்துவந்து கரையில் போட்டார்கள். கிச்சா வஞ்சிரம் என்று பெயர் வைத்தான். வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டுப் பிள்ளைக்கு எப்படித்தான் தோன்றியதோ.

அம்மா திருட்டுத்தனமாக இதைப் படிப்பது எனக்குத் தெரியும். அவளுக்குப் புரியட்டும் என்று எழுதிவைக்கிறேன்: ஆள் ஏறாத விமானம் அம்மா, ரிமோட்டில் பறப்பது. நான் இறக்கைக் கணக்கு. கிச்சா என்ஜின், தலைவனும் அவன்தான். உபைத் ஓட்டுகிறவன். செப்டம்பர் 28 கல்லூரி விழாவில் மூன்று நிமிஷம் பறந்து முழுசாக இறங்கவேண்டும். இல்லாவிட்டால் ரிமோட்டையும் எங்களுக்குக் கொடுத்த அறையையும் துறைத்தலைவர் திரும்ப வாங்கிக்கொள்வார்.

12.8.97

மயிலாப்பூரில் கிச்சா வீட்டு மாடியில் வஞ்சிரத்தின் மிச்சத்தைக் காயவைத்திருக்கிறோம். வடாம் காய்கிற இடம் போய்விட்டதென்று கிச்சாவின் அம்மா எங்களோடு பேசவில்லை. காபி மட்டும் வந்தது.

24.8.97, ஞாயிறு

நான்காவது. நன்றாகத்தான் போயிற்று. வட்டம் அடித்துத் திரும்பும்போது வேகம் குறைந்து கொஞ்சம் இறங்கியது. உடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது — நின்றேவிட்டது, ஆகாயத்தில். அப்புறம் பொத்தென்று. இதற்கு முன் மூன்றும் இப்படித்தானே விழுந்தன?

விழுந்தால் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உடைந்ததில் யாரும் கை வைக்கக் கூடாது. கூடிப் பேசுவதற்கு முன்னால் அவரவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லவேண்டும், ஓட்டியவர் கடைசியில். "என்ன" என்று கேட்கலாம். "யார்" என்று கேட்கவே கூடாது. சட்டம் போட்டது கிச்சா. இன்றைக்கு உடைத்ததும் கிச்சா.

"நாலும் ஒரே மாதிரி விழுந்தாச்சு. எஞ்சின் மேல தப்பில்லே, றெக்கை மேல தப்பில்லே. அப்போ யாரு?"

உபைத் மணலில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

25.8.97

கிச்சாவோடு பேசவில்லை. பெயரும் வைக்கவில்லை. யாருக்கும் மனசு வரவில்லை.

29.8.97

கிச்சா முடிவுக்கு வந்துவிட்டான். தி.நகர் ஸ்ரீநாத் எங்கோ கிளப்பில் சேர்ந்து மூன்று வருஷமாக ஓட்டுகிறானாம், அவனைக் கூப்பிடலாமாம். சரியான யோசனைதான். அதனால்தான் இன்னும் கோபமாக வருகிறது. ராத்திரியும் பகலும் உளி பிடித்துக் கையைக் கிழித்துக்கொண்டது உபைத். பறக்கும்போது மட்டும் இன்னொருத்தனா?

அடையாறு பஸ் ஸ்டாப்பில் உபைத்தே பேச்சை எடுத்தான்.

"கிச்சா மச்சி சொல்றது கரெக்டு. நானு விலகிக்கிறேன். இன்னா இப்போ, ஒட்டுற வேலைக்கு நானு எப்பவும் கீறேனே."

போடா என்றேன். அவன் பஸ் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அது பஸ் புகையினால் இல்லை, அம்மா.

5.9.97

மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. தம்பி என் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டான்.

7.9.97, ஞாயிறு

போகக் கூடாது என்று அம்மா சொன்னாள். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். நான்காவதையே ஒட்டிச் சரிசெய்து எடுத்துப் போனோம். இன்றைக்கும் சரியாக வராவிட்டால் ஸ்ரீநாத்துக்குச் சொல்லியனுப்புவது என்று ஏற்பாடு. கண்நோய்க்காரி என்று கிச்சா என்னைத் தள்ளி, உபைத்துக்குப் பின்னால் ஒரு பக்கமாக, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தான்.

வானத்தை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. கண்ணில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரிந்தது. குனிந்துகொண்டேன். எதிரே தெரிந்தவை உபைத்தின் கைகள், அவற்றைத்தான் பார்த்தேன். இத்தனை வாரமாக எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் வாலை, கிச்சா இறக்கையை. இந்தக் கைகளை யாருமே பார்க்கவில்லை.

கிச்சா "இறங்கறது" என்றான். அந்த நிமிஷமே உபைத்தின் இரண்டு முழங்கையும் மார்போடு ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது, விடவே இல்லை. பொத்தென்று சத்தம் கேட்டது.

என் முறை வந்தபோது சொன்னேன்: இறங்கும்போது இழுக்கிறான். வேகம் இல்லாத நேரத்தில் இழுத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், இறக்கைக்குக் காற்றுப் பிடி போய்விடும். மூக்கைக் கீழே விட்டால் வேகம் வரும், வேகம் வந்தால் அதுவே எழும்பும். இது புத்தகத்திலேயே இருக்கிறது, உபைத்தும் பரீட்சையில் எழுதியிருக்கிறான்.

"தெரியும்பா. ஆனா அது கீழ வந்துக்கினு கீது, கை சும்மா இருக்குமா?" என்றான் உபைத்.

நல்லவேளை, வால் மட்டும்தான் போயிருக்கிறது. இன்னும் ஒரு ஞாயிறு கொடு என்று கிச்சாவிடம் கேட்டேன். சிவந்த கண்ணோடு கிட்டே போய்க் கேட்டதால் உடனே சரி என்று சொல்லிப் பின்வாங்கினான்.

11.9.97

கண் தேவலை. ராயப்பேட்டையில் உபைத் வீட்டு மொட்டைமாடிக்குப் போனோம். அவன் அம்மா ஜைதூன் பீ இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே இருந்தார், நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் உபைத் காத்தாடியை இதுவரை யாரும் அறுத்ததில்லையாம். இதை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை, அவன் அம்மாதான் சொன்னார்.

விட்டுக் காட்டச் சொன்னேன். காத்தாடி தலை கவிழ்ந்தது. அவன் நூலைச் சுண்டி இழுத்தான். முழங்கை இரண்டும் மார்போடு. காத்தாடி ஏறியது.

கிச்சாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வயசிலிருந்து பழகிய கை. அதற்கு நம் புத்தகம் எங்கே தெரியும்? காத்தாடியில் இழுத்தால் ஏறுகிறது. விமானத்தில் விட்டால்தான் ஏறும். கிச்சா உபைத் பக்கத்தில் போய் நின்றான். அப்புறம், "யாருன்னு கேட்டிருக்கப்படாதுடா" என்றான். உபைத் நூலைச் சுற்றிக்கொண்டே, இடியாப்பம் இன்னும் கீது, சாப்பிடு மச்சி என்றான்.

14.9.97, ஞாயிறு

குச்சியைத் தள்ளு என்று கத்தினால் அவன் காதில் ஏறாது. அவனுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்வது என்று முடிவு. நான் அவனுக்குப் பின்னாலேயே நின்றேன், வானத்தைப் பார்க்கவே இல்லை. முழங்கை மார்புப் பக்கம் நகர்ந்ததும் சொன்னேன்:

"நூலை விடு, உபைத்."

கை முன்னால் போயிற்று. கிச்சாவிடமிருந்து சத்தமே இல்லை. அதனால்தான் தலை நிமிர்ந்தேன். விமானம் மூக்கைத் தாழ்த்தி, மணலை உரசுகிற மாதிரி வந்து, ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எத்தனை முறை சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது. கடைசி இரண்டு தடவை நான் சொல்வதற்கு முன்னாலேயே விட்டான்.

28.9.97, ஞாயிறு

பறந்தது. இறங்கியது. முழுசாக.

துறைத்தலைவர் கை கொடுத்தார். ஜைதூன் பீயும் கிச்சாவின் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததோ? இருந்தது.

11.10.97, விஜயதசமி

பெயர் இல்லாமலே இருக்கிற ஒரே விமானம், விழாவில் பறந்த அந்த நான்காவதுதான். இன்றைக்கு எது தொடங்கினாலும் நல்லது என்று கிச்சா சொல்ல, ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டான் உபைத். வாத்தியார் மாதிரி பின்னால் போய் நின்றுகொண்டான்.

நன்றாகவே போயிற்று. திரும்பும்போது வேகம் குறைந்தது. இறங்கியது. எனக்குத் தெரியாத கணக்கா? நானே போட்ட இறக்கை. நானே கத்திய வார்த்தை. பின்னாலிருந்து உபைத்தும் சொன்னான், "நூலை விடு லக்ஷ்மி." கேட்டது. நன்றாகவே கேட்டது.

இழுத்துவிட்டேன்.

யாரும் கை வைக்கவில்லை. கிச்சா இறக்கையைச் சொன்னான், உபைத் என் முழங்கையைச் சொன்னான். ஓட்டியவள் கடைசி.

"இழுத்தேன்" என்றேன். "நான் ஜன்மத்துல காத்தாடி விட்டதில்லே."

என் கையில் இருந்தாலும் இழுத்திருப்பேன் என்று கிச்சா மெதுவாகச் சொன்னான். ஒரு மாசமாக ராயப்பேட்டைக் காத்தாடிமேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். நமக்கு வேண்டியது கீழே வருகிறதென்றால் யார் கைதான் சும்மா இருக்கும்?

பெயர் என்ன என்று கிச்சா கேட்டான். அதற்குள் என் பெயரைத்தான் வைப்பார்கள் என்று நான் தயாராகிவிட்டேன். உபைத் குனிந்து, உடைந்த இறக்கையை மணல் தட்டி எடுத்தான்.

"பேரெல்லாம் வேணாம். இன்னும் கீது."

ராயப்பேட்டை மாடியில் இருட்டும்வரை ஒட்டினோம்.