நான் போட்ட உங்கள் கையெழுத்து

அண்ணே,

தீபாவளிக்காக அடுத்த வீட்டில் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து ஜன்னல் வழியே தின்னர் வாடை வருகிறது. இந்த வாடை வந்தால்தான் பண்டிகை வந்த மாதிரி இருக்கிறது என்கிறாள் என் மனைவி. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. சேராது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பினாங்கில், பிறை லாரி டிப்போவில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஆறு வருடமும் நீங்கள்தான் தின்னர் டேங்கரை ஓட்டினீர்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து நான் ஃபெர்ரி பிடித்து வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும்போதெல்லாம், "என்ன கிராணியாரே, ஃபெர்ரி இன்னைக்கும் தூங்கிப்போச்சா?" என்பீர்கள். அந்தக் கேலி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

பினாங்குப் பாலம் திறந்த புதிதில், ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவர்களுக்குச் செபராங் ஜெயாவில் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். அந்த வகுப்பில் கையெழுத்து இல்லாதவன் இனி டேங்கரைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. பயிற்சியாளர் மலாயில் சொல்வதை நம் டிரைவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. அன்று காலை பார்த்துத்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவசரமாகச் சரக்குக் கேட்டார்கள். யாரையாவது அனுப்பு என்றார் மானேஜர். முகம் சுளிக்காத ஆள் நீங்கள். அதனால் உங்களைக் கூப்பிட்டேன்.

"போறேன் லா. வகுப்பு என்னாவறது?"

"கையெழுத்த நான் போட்டுக்கறேண்ணே. சொல்றத சாயங்காலம் வந்து உங்ககிட்ட சொல்லிடறேன்."

"என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அழகா எழுதி மாட்டிக்காதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். நானும் ஒரு பழைய தாளில் இரண்டு முறை எழுதிப் பழகிவிட்டு, பிறகு வகுப்பின் வருகைப் பாரத்தில் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மத்தியானம் பயிற்சியாளர் சொன்னதை நான் உரக்கச் சொன்னேன்: "டேங்குக்குள்ள ஒருத்தன் விழுந்துட்டா, அவன் கூடப்பிறந்தவனா இருந்தாலும் எறங்காதீங்க. உள்ள மூச்சுக்குக் காத்து இருக்காது. வெளியில நின்னு தீயணைப்புப் பொம்பாவக் கூப்பிடுங்க." அதெப்படி, பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மனுஷனா என்று ஒரு டிரைவர் கோபப்பட்டார். இறங்கினால் ஒன்றுக்கு இரண்டு பிணம் என்றார் பயிற்சியாளர். அதையும் தமிழில் சொன்னேன்.

சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது. "ஒண்ணும் இல்லண்ணே. டேங்கர் பக்கத்துல சிகரெட் பிடிக்காதீங்கன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரம். லாரியில் உங்களோடு உதவிக்கு வரும் கெலிண்டான், உங்கள் வயதுக்காரர், காலி டேங்கைத் துடைக்க உள்ளே இறங்கினார். சத்தத்தைக் காணோம். நீங்கள் மேலே ஏறி எட்டிப் பார்த்ததையும், இரண்டு முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினீர்கள். கத்திக்கொண்டே ஓடி வந்தேன். நான் ஏணியைப் பிடித்தபோது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

நான் இறங்கவில்லை, அண்ணே. வெளியில் நின்று பொம்பாவைக் கூப்பிட்டேன். வகுப்பில் சொன்னதை அப்படியே செய்தேன். அதனால் நான் இருக்கிறேன், நீங்கள் இருவரும் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வகுப்புப் பாரத்தை உங்கள் மனைவியிடம் காட்டி, இது அவர் கையெழுத்துதானா என்று கேட்டார். அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். "ஆமாங்க, அவரு கையெழுத்துதான்" என்று அதைத் தடவிக்கொண்டே அழுதார். பயிற்சி பெற்றும் ஓட்டுநர் விதியை மீறினார் என்று எழுதி முடித்தார்கள். நான் அந்த அறையில்தான் நின்றேன். மானேஜர் என்னை ஒருமுறை பார்த்தார். எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். கோழை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. அக்காவைக் காய்கறிப் பாசாரில் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "அவ்வளவு சொல்லிக் குடுத்தும் ஏன் தம்பி எறங்கினாரு? எங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாக்கலையா?"

"அவசரத்துல மறந்திருப்பாருக்கா" என்கிறேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன் என்று உங்களைத் திட்டிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் எதையும் மறக்கவில்லை, அண்ணே. உங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அக்கா உங்கள்மேல் வைத்திருக்கும் கோபம் எனக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள இத்தனை வருடமாகியும் எனக்குத் தைரியம் வரவில்லை.