மதினி விடச் சொன்ன நாலு விரற்கடை

என் அன்பு மதினி,

பழைய அச்சாபீஸ் வாசலில், வேப்பமர நிழலில், உங்கள் வயர் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அறைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் போனால் ஐந்தாவது ஆள். உங்கள் சட்டம் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உங்கள் பிஸ்கட் தகர டப்பா அதே இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் தீப்பெட்டியையும் செல்போனையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சி மட்டும் தினமும் தகராறு. "உம்ம மதினியே என்னைச் சோதிச்சது இல்ல, நீரு யாருய்யா?" என்கிறார். பொய். அவர் சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி நீங்கள் அவரை வெயிலில் நிறுத்தி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். தெரிந்த கதைதானே என்று நீங்கள் எழுந்துவிடக் கூடாது.

அண்ணன் காலமான பிறகு, உங்கள் மகன் ரவி ஊருக்கு வெளியே புது அச்சகம் கட்டி மிஷின்களை எல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டான். சிவகாசிக்குள் இருந்த இந்தப் பழைய அச்சாபீஸ் மூன்று அறைகளோடும், தரையில் எண்ணெய்க் கறையோடும் சும்மா கிடந்தது. அப்போதுதான் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தவர். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் மனைவிக்கு டர்பன்டைன் வாடை ஆகாது. "ஒரு மூலை குடுத்தாப் போதும்மா" என்றார். "மூலை எதுக்கு? மூணு ரூமு காத்து வாங்கிக்கிட்டுக் கெடக்கு. ஆனா தீப்பெட்டி உள்ள வரக் கூடாது" என்றீர்கள்.

அவர் வந்தார். அவரைப் பார்த்து போர்டு எழுதுகிறவர் வந்தார். அப்புறம் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு டிசைன் வேலைக்குப் போன இரண்டு பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டியிலிருந்து மாரீஸ்வரி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை, ஞாயிறு லீவு. "வரையுறதுக்கு மடி போதும்மா. காயப் போடத்தான் எடமில்ல. ஒத்த ரூமு வீடு, பிள்ளைக மிதிச்சிருதுக" என்றாள். அச்சடித்த தாளைக் காயப் போட அண்ணன் கட்டியிருந்த கம்பிக்கொடியைப் பரணிலிருந்து எடுத்து, கிளிப்புகளைத் துடைத்து, நடு அறையில் நீங்களே கட்டினீர்கள். அந்தக் கொடி கட்டிய பிறகுதான் இது நாலு பேர் வந்து படம் வரைகிற இடமாக ஆனது என்று நினைக்கிறேன்.

ஒரு அறைக்கு நாலு பேர் என்பது பட்டாசுக் கம்பெனிச் சட்டம். அதை ஓவியர்களுக்குப் போட்டது நீங்கள்தான். "தின்னரு இருக்கு, பேப்பரு இருக்கு. என்னமும் ஒண்ணுன்னா ஓடுறதுக்கு வழி வேணும்ல?" என்றீர்கள். அந்த நாலில் உங்களையும் சேர்த்துக்கொண்டீர்கள். ஐந்தாவது ஆள் வாசலில் தலைகாட்டியதும் காபி டம்ளரோடு எழுந்து இந்த மரத்தடிக்கு வந்துவிடுவீர்கள். நீங்கள் ஒரு கோடுகூட வரைந்ததில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "கதவப் பூட்டிறாதீக தம்பி. ஒரு தடவ பூட்டுனா அது குடோனாயிரும்." சரி மதினி என்று தலையாட்டினேன். நீங்கள் பயந்தது அப்படியே வந்தது.

ஆனி மாதம் ரவி வந்தான். "சித்தப்பா, தீபாவளி லேபிளும் காலண்டரும் ஒண்ணா வந்து நிக்கி. அட்டைப்பெட்டி அடுக்க எடமில்ல. ஆடிப்பெருக்குக்குள்ள பழைய ஆபீஸக் காலி பண்ணிக் குடுங்க." ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது நம் ஊர் வழக்கம். அதற்குப் பிறகு ஆர்டர் வந்து குவியும். அவன் கேட்டதில் தப்பில்லை, இடமும் அவனுடையது. அப்பா கட்டிய தொழில் முடங்கக் கூடாதே என்று பயப்படுகிற பிள்ளை அவன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எத்தனை அதிகாரிகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்! தூக்கி வளர்த்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

அதனால் நிருபர் புத்தியைக் காட்டினேன். நாம் சொல்ல முடியாததை வேறொருவர் வாயால் சொல்ல வைப்பது எங்கள் தொழிலில் பழைய வழி. மதுரையில் ஓவியக் கூடம் நடத்துகிற ஒரு அம்மாவைத் தெரியும். ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு எல்லாப் படங்களையும் சுவரிலும் கொடியிலும் மாட்டி, அவரையும் ரவியையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். அவர் நாலு வார்த்தை புகழ்ந்தால் பையன் மனசு மாறும் என்று கணக்கு.

ரவி அளவு டேப்போடு வந்தான். எத்தனை பெட்டி அடுக்கலாம் என்று பார்க்க.

மதுரை அம்மா மூன்று அறையையும் நிதானமாகச் சுற்றினார். சங்கரலிங்கம் அண்ணாச்சியின் ஆடுகள், போர்டுகாரர் வரைந்த பஸ் ஸ்டாண்டு, மாரீஸ்வரியின் படங்கள் எல்லாவற்றின் முன்னாலும் நின்றார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா ஏன் எல்லாருமே கீழ முடிக்காம விட்டிருக்காங்க?"

அப்போதுதான் பார்த்தேன். அத்தனை படத்திலும், அடியில், நாலு விரற்கடை வெறும் வெள்ளை. ஆட்டின் கால் அந்த வெள்ளைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாண்டின் தரை அங்கே வந்து கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. இத்தனை மாதம் வாசலில் காவல் இருந்த நிருபர் இதைப் பார்க்கவே இல்லை.

"அது கடைப் பேருக்கும்மா" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

"எந்தக் கடை?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அச்சாபீஸம்மா சொன்னது" என்றார் கடைசியில். "புதுசா யாரு வந்தாலும் தாள் குடுக்கும்போது, கீழ நாலு விரக்கடை அளந்து அவுகளே பென்சில்ல கோடு போட்டுத்தான் குடுப்பாக. படம்னா கீழ பேரு வரும், எடம் விட்டு வரைங்கம்பாக."

"நீரு எத்தன வருசம் காலண்டருக்கு வரைஞ்சவரு! இது காலண்டரு இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"எப்படிய்யா சொல்ல? அம்புட்டு நேராக் கோடு போட்டு வச்சிருப்பாக."

டிசைன் வேலைக்குப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரியும், சொல்ல மனசு வரவில்லை. மாரீஸ்வரி மட்டும் திகைத்துப் போனாள். "அப்ப மத்த ஊருல இப்படி விட மாட்டாகளா? நான் எல்லாப் படமும் இப்படித்தான்னுல்ல நெனச்சேன்!"

முதலில் சிரித்தது ரவிதான். அப்புறம் எல்லோரும். மதினி, கோபப்படாதீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்த படமெல்லாம் அடியில் ஜவுளிக்கடைப் பெயரோ பாத்திரக்கடைப் பெயரோ சுமந்த படங்கள். பெயர் வராத படம் என்று ஒன்று உண்டு என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

சிரித்து முடித்தபோது ரவி நடு அறையில் நின்றுகொண்டிருந்தான், மாரீஸ்வரியின் படத்துக்கு முன்னால். அதில் நீங்கள் இருந்தீர்கள். இதே நாற்காலி, மடியில் தகர டப்பா, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, நீட்டிய கை. ‘எடுங்க, எடுங்க, தீப்பெட்டிய எடுங்க’ என்ற குரல் எனக்குக் கேட்டது. அழகாக்கவில்லை அவள். நெற்றிச் சுருக்கம், நரைத்த மயிர், எல்லாம் இருந்தபடி இருந்தது. அடியில் நாலு விரற்கடை வெள்ளை.

அச்சகக்காரன் கை சும்மா இருக்குமா? அந்த வெள்ளையில் விரலை வைத்து அளந்தான். "இதுல யாரு பேரு வருது?"

"அம்மா பேரத்தான் போடணும்னு இருந்தேன் மொதலாளி" என்றாள் மாரீஸ்வரி. "ஆனாத் தெரியாதே. அச்சாபீஸம்மான்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம். யாருட்டப் போயிக் கேக்கன்னு விட்டுட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். "அச்சாபீஸ் வச்சிருக்கோம்னு என் மூஞ்சியச் செவத்துல ஒட்டிறாதீக. ஆடு திங்கும்." பழைய அச்சகத்துக்கு எங்கள் தாத்தா பெயர். லாரிக்கு அண்ணன் பெயர். புது அச்சகத்துக்குப் பேத்தி பெயர். ஊர் முழுக்கப் பெயர் அடித்துக் கொடுத்த வீட்டில் உங்கள் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எங்காவது பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது என்று கேட்டால் முதல் போன் உங்களிடமிருந்துதான் வரும். "எம்புட்டுப் பேருன்னு சொல்லாதீக தம்பி. பேரச் சொல்லுங்க." சூலக்கரை கலெக்டர் ஆபீசில் எண்ணிக்கையைக் கொடுத்துவிடுவார்கள். பெயருக்காக நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பேன், உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று. அப்படிப் பழக்கப்பட்ட நான், உங்கள் மறைவுக்கு என் பத்திரிகையில் இரண்டு வரி கொடுத்தபோது ‘அச்சக அதிபரின் மனைவி’ என்றுதான் எழுதினேன். படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் மதினி? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்களோ?

"பேனா இருக்கா?" என்றான் ரவி.

"பேனா எதுக்கு?" சங்கரலிங்கம் அண்ணாச்சி மெல்லிய பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்துக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து பிரஷ்ஷே பிடிக்காத பையன், கடைப் பெயர் மாதிரிப் பெரிய எழுத்தில் ஆரம்பித்துவிட்டான். விருதுநகரில் பிறந்த உங்களுக்கு அந்த ஊர் அம்மன் பெயரையே வைத்திருந்தார்கள். ‘வெயிலுகந்’ என்று எழுதும்போதே தாள் முடியப்போகிறது. மீதியைக் குறுக்கி, நெருக்கி, ஓரத்தில் ஏற்றி, எப்படியோ ‘தம்மாள்’ என்று முடித்தான்.

வெயிலுகந்தம்மாள்.

"இம்புட்டு நீளப் பேருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, ஆறு விரக்கடை விட்டு ரெண்டு வரியா எழுதியிருக்கலாம்ல?" என்றார் அண்ணாச்சி.

இந்தத் தடவை ரவி சிரிக்கவில்லை. மாரீஸ்வரி படத்தைக் கொடியில் ஏற்றினாள். "ஈரம். யாரும் தொட்டுறாதீக."

"காய எத்தன நாளாகும்?" என்று கேட்டான்.

"மழை இல்லாட்டி மூணு நாளு."

ரவி டேப்பைப் பையில் போட்டான். "பின்னால ரூம மட்டும் குடுங்க சித்தப்பா, சீசன் முடியிற வரைக்கும். மத்த ரெண்டும் இருக்கட்டும். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பின்னறையில் இப்போது கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. அந்த அறையில் இருந்தவர்கள் காலையில் வந்துவிட்டுப் போகிறார்கள். அண்ணாச்சியும் போர்டுகாரரும் ஒரே மேஜையைப் பங்கு வைத்துக்கொண்டு நாளெல்லாம் சண்டை. மதுரை அம்மா உங்கள் படத்தைத் தன் கூடத்துக்குக் கேட்டார். "இன்னும் காயலைங்க" என்றுவிட்டாள் மாரீஸ்வரி. ஆவணி முடியப் போகிறது. இன்றுவரைக்கும் அதே பதில்தான்.

போன வாரம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார். வேனின் பின்பக்கம் மயில் வரைந்தாராம், இனி தாளில் வரைய வேண்டுமாம். தீப்பெட்டியை வாங்கி டப்பாவில் போட்டேன். தாளை எடுத்தேன். என்னை அறியாமலேயே நாலு விரலை வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டேன். கோணலாகப் போனது.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார்.

"பேருக்கு."

"யாரு பேருக்கு?"

"ஒங்க பேருக்குத்தான். வேற யாரு பேருக்கு?"

அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்னறையில் மூன்று பேர். "போங்க, நீங்க நாலாவது" என்றேன்.

கோட்டை நேராகப் போடப் பழகிக்கொள்கிறேன் மதினி. நான் இருக்கிறவரைக்கும் இந்தக் கதவு பூட்டப்படாது.

வெயிலுகந்தம்மாளின் கொழுந்தன்,
வாசல் நாற்காலியிலிருந்து.